பழைய காலமும் இப்போதைய காலமும் பின்னி வர்ற நாவல்கள்: நிகழ்காலப் பகுதி மட்டும் ஏன் சப்புன்னு இருக்கு?

#1 நடுநிசிவாசகி

எல்லாருக்கும் வணக்கம். ரொம்ப நாளா மனசுல கிடக்குற ஒரு விஷயம், இன்னைக்குக் கேட்டுடறேன்.

ரெண்டு காலம் மாறி மாறி வர்ற நாவல்னா எனக்கு உயிரு. ஒரு அத்தியாயம் இருநூறு வருஷம் முன்னாடி, அடுத்தது இன்னைக்கு, அங்க ஒருத்தி எழுதி ஒளிச்சு வெச்ச கடுதாசி இங்க ஒருத்தி கையில சிக்கும், இல்லேன்னா அங்க செத்துப்போனவன் முகத்தோட இங்க ஒருத்தன் வந்து நிப்பான். இந்த மாதிரி எது கண்ணுல பட்டாலும் எடுத்துடுவேன். ஆனா கடைசியா படிச்ச நாலஞ்சுலயும் ஒரே அனுபவம்தான். பழைய காலத்துப் பகுதி வந்தா மூச்சு விடாம படிக்கிறேன், இன்னைக்கு நடக்குற பகுதி வந்ததும் இது எத்தனை பக்கம்னு புரட்டிப் பாக்குறேன். போன வாரம் ஒரு நாவல்ல நிகழ்கால அத்தியாயம் எல்லாத்தையும் அப்படியே தாண்டிட்டேன். தாண்டியும் கதை முழுசாப் புரிஞ்சுச்சு. அதுதான் உறுத்துது. பாதி புத்தகத்தை விட்டுட்டும் ஒண்ணும் குறையலேன்னா அந்தப் பாதியை எதுக்கு எழுதினாங்க?

நிகழ்காலத்துல எப்பவும் ஒரு பழைய வீடு, ஒரு பரண், ஒரு பெட்டி. கல்யாணம் முறிஞ்ச ஒரு ஆராய்ச்சியாளர். கூட உதவிக்கு வர்ற ஒரு ஆவணக் காப்பக ஆளு, ரெண்டு பேருக்கும் மெல்ல மெல்ல காதல். அங்க ஒருத்தி பிள்ளையைப் பறிகொடுத்துட்டு நிக்கறா, இங்க இவளுக்கு மெயிலுக்குப் பதில் வரலேன்னு கவலை. ரெண்டையும் ஒரே தட்டுல வெச்சா எப்படி?

முற்பிறவிக் கதையா இருந்தாலும் சரி, வம்சக் கதையா இருந்தாலும் சரி, நிகழ்காலமும் உங்களை இழுத்துப் பிடிச்ச புத்தகம் இருந்தா சொல்லுங்க. பேர் மட்டும் போட்டுட்டுப் போகாம, ஏன் பிடிச்சுச்சுன்னும் சொல்லுங்க ப்ளீஸ்.

#2 பக்கம்மடிப்பவன்

இதே பிரச்சனை எனக்கும் இருக்குங்க. நான் ஒருபடி மேல போய் ஒரு தடவை பழைய அத்தியாயத்தை எல்லாம் முதல்ல வரிசையா படிச்சுட்டு அப்புறம் புதுசை எல்லாம் படிச்சேன். அப்படிப் பண்ணாதீங்க. பழைய கதையோட முடிவு தெரிஞ்சதும் புது அத்தியாயத்துல அவங்க ஒவ்வொண்ணாத் தேடிக் கண்டுபிடிக்கிறதைப் பாக்க பொறுமையே இல்லாம போச்சு, நமக்குத் தெரிஞ்ச விடையை இன்னொருத்தர் தட்டுத்தடுமாறி எழுதுறதைப் பக்கத்துல நின்னு பாக்குற மாதிரி இருந்துச்சு.

#3 ஏட்டுச்சுருள்

நடுநிசிவாசகி அம்மா, நல்ல கேள்வி. நான் நாப்பது வருஷமா நாவல் படிக்கிறவன், ஆனா இதுக்குப் பதில் எனக்கு நாவல்ல கிடைக்கலை, சிலப்பதிகாரத்துல கிடைச்சது. கொஞ்சம் நீளமா சொல்றேன், பொறுத்துக்குங்க.

கட்டுரை காதையில மதுரையோட காவல் தெய்வம் மதுராபதி கண்ணகிக்குப் பின்னாடி வந்து நின்னு கோவலனோட முற்பிறவிக் கதையைச் சொல்லும். கலிங்க நாட்டுல சிங்கபுரம், கபிலபுரம்னு ரெண்டு ஊரு, ரெண்டு அரசருக்கும் பகை. கபிலபுரத்து வணிகன் சங்கமன் சிங்கபுரத்துக் கடைவீதியில நகை விக்க வந்திருக்கான். அங்க அரசன்கிட்ட வேலை பாக்குற பரதன்ங்கிறவன், இவன் ஒற்றன்னு சொல்லிக் கொல்ல வெச்சுடறான். சங்கமன் மனைவி நீலி பதினாலு நாள் தெருத்தெருவா அழுது திரியறா, அப்புறம் மலை மேல ஏறி, எங்களுக்கு இதைச் செஞ்சவனுக்கும் இதுவே நடக்கட்டும்னு சபிச்சுட்டு உயிரை விடறா. அந்தப் பரதன்தான் கோவலன்.

இதை வெறும் கர்மக் கணக்குன்னு நானும் ரொம்ப நாள் தாண்டிப் போயிருக்கேன். ஒருநாள் ரெண்டு கதையையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பாத்தேன். அங்க நகை விக்க வந்த வெளியூர் வணிகன், இங்க சிலம்பு விக்க வந்த வெளியூர் வணிகன். அங்க ஒற்றன்னு பொய்ப்பழி, இங்க திருடன்னு பொய்ப்பழி. ரெண்டு இடத்துலயும் விசாரணை இல்லாம கொலை. அவளுக்குப் பதினாலு நாள், கண்ணகிக்கும் பதினாலு நாள் கழிச்சுத்தான் கணவனைப் பாப்பேன்னு தெய்வம் சொல்லுது. அவளும் மலை ஏறினா, இவளும் மலை ஏறினா. அதாவது கண்ணகி எந்த ஊரை எரிச்சுட்டு நிக்கிறாளோ, அந்த இடத்துல நின்னுக்கிட்டே தன் புருஷன் இன்னொரு கண்ணகியை உண்டாக்கினவன்னு கேக்குறா. படிச்சிட்டுப் புத்தகத்தை மூடி வெச்சுட்டேன், அன்னைக்கு மேல படிக்க முடியலை.

இப்ப உங்க கேள்விக்கு வர்றேன். உங்க நாவல்கள்ல நிகழ்கால ஆளுக்குப் பழசு ஒரு தகவலா மட்டும் வந்து சேருது. தெரிஞ்சா நல்லது, தெரியலேன்னாலும் அவ வாழ்க்கை அப்படியே ஓடும். கண்ணகிக்குத் தெரிஞ்ச பிறகு ஓடாது. அந்த வித்தியாசம்தான்னு நினைக்கிறேன்.

#4 நடுநிசிவாசகி

ஐயா, நீலியைப் பத்தி பள்ளிக்கூடத்துல எங்களுக்கு ஒரு வரிகூடச் சொல்லித் தரலை. “முற்பிறவிப் பாவத்தால் கோவலன் கொல்லப்பட்டான்” அவ்வளவுதான், அதுல ஒரு பொண்ணு பதினாலு நாள் தெருவுல அழுதான்னே தெரியாது. இப்ப கட்டுரை காதையை எடுத்து வெச்சிருக்கேன்.

#5 கூழாங்கல்

ஏட்டுச்சுருள் ஐயா, ரொம்ப மரியாதையோட ஒரு மறுப்பு. கதை அமைப்பு பிரமாதம், ஒத்துக்கறேன். ஆனா “போன பிறவியில இவன் செஞ்சது”ன்னு ஒரு காரணம் வந்ததுமே பொற்கொல்லன் பொய் சொன்னது, பாண்டியன் விசாரிக்காதது எல்லாம் லேசாகிடுதே. கஷ்டப்படுற ஒருத்தரைப் பாத்து இது உன் பூர்வஜென்மப் பலன்னு சொல்றதை நான் நேர்ல கேட்டிருக்கேன், சொன்னவங்க அதுக்கப்புறம் ஒரு உதவியும் செய்யலை. அதனாலயே முற்பிறவி வர்ற நாவல்னா எனக்கு ஒரு தயக்கம்.

பழசு நம்மளைப் பிடிச்சுக்கிறதை வேற மாதிரியும் எழுதலாம். ஆக்டேவியா பட்லர் 1979-ல எழுதின ‘கிண்ட்ரெட்’ படிச்சிருக்கீங்களா யாராவது? (ஸ்பாய்லர் இருக்கு, படிக்காதவங்க அடுத்த பதிவுக்குப் போயிடுங்க.) 1976, கலிபோர்னியா, டேனான்னு ஒரு கறுப்பினப் பொண்ணு, எழுத்தாளர். திடீர்னு உள்நாட்டுப் போருக்கு முந்தைய மேரிலாண்டுக்கு இழுக்கப்படறா. இழுக்கிறது யாருன்னா ரூஃபஸ்ங்கிற வெள்ளைக்காரப் பையன், அடிமைகளை வெச்சிருக்கிற பண்ணைக்காரனோட மகன். அவன் உயிருக்கு ஆபத்து வரும்போதெல்லாம் இவ அங்க போய் விழறா, தன் உயிர் போகப் போகுதுன்னு இவ பயப்படும்போதுதான் திரும்பி வர முடியுது. ஏன் அவனைக் காப்பாத்தணும்? அவன்தான் இவளோட மூதாதை. அவன் ஒரு அடிமைப் பொண்ணுகிட்ட குழந்தை பெத்தாத்தான் இவ பொறக்கவே முடியும். அந்தக் குழந்தை எப்படிப் பொறக்கப் போகுதுன்னு இவளுக்கு நல்லாத் தெரியும், அதைத் தடுத்தா இவளே இல்லை.

இங்க பாவமும் இல்லை, சாபமும் இல்லை, காலத்துல ஏன் போறான்னு ஒரு விளக்கம்கூட இல்லை. பழசு இவ உடம்புலயே இருக்கு, அவ்வளவுதான். கடைசியா திரும்பி வரும்போது இடது கை சுவத்துல மாட்டிக்கிட்டு அங்கயே போயிடுது. நடுநிசிவாசகி கேட்ட நிகழ்காலம் இங்க தாண்டவே முடியாது, ஏன்னா ஒவ்வொரு தடவை இவ வீட்டுக்குத் திரும்பும்போதும் முதல்ல கை கால் சரியா இருக்கான்னுதான் நாம பாக்குறோம்.

#6 ஏட்டுச்சுருள்

கூழாங்கல், உங்க மறுப்பு நியாயமானது. பூர்வஜென்மத்தைச் சாக்கா வெச்சுக் கைகழுவுறவங்களை நானும் பாத்திருக்கேன், மனசு எரிஞ்சிருக்கு.

ஆனா இளங்கோ அந்தக் கதையை எங்க வெச்சிருக்கார்னு பாருங்க. கண்ணகி சபையில வழக்குப் பேசி முடிச்சாச்சு. சிலம்பு உடைஞ்சு மாணிக்கப் பரல் தெறிச்சாச்சு. யானோ அரசன் யானே கள்வன்னு பாண்டியன் தன் வாயாலேயே தீர்ப்பு சொல்லிட்டு விழுந்து செத்தாச்சு. ஊர் எரிஞ்சாச்சு. அதுக்கப்புறம்தான் தெய்வம் வாயைத் திறக்குது. வழக்குல அந்த முற்பிறவிக்கு இடமே இல்லை, யாரையும் காப்பாத்தவும் இல்லை. வழக்குரை காதைக்கு முன்னாடி ஒரு பக்கம் அதை நகர்த்தி வெச்சிருந்தாக்கூட நீங்க சொல்ற ஆபத்து முழுசா வந்திருக்கும்.

மணிமேகலை இதுக்கு நேர் எதிர். அவளுக்கு ஆரம்பத்துலயே தெரிஞ்சுடுது. மணிபல்லவத் தீவுல புத்த பீடிகையை, அதாவது புத்தரோட ஆசனத்தைப் பாத்ததும் போன பிறவியில தான் இலக்குமி, இராகுலன்னு ஒரு கணவன், அவன் பாம்பு விஷத்துல செத்தான், தான் தீயில இறங்கினோம்னு எல்லாம் நினைவு வருது. அந்த இராகுலன்தான் இப்ப சோழ இளவரசன் உதயகுமரனா அவ பின்னாடியே சுத்துறான். அவனுக்கு ஒண்ணும் தெரியாது! தெரியாமலே துரத்துறான், தெரிஞ்சுக்கிட்டே இவ விலகுறா. கடைசியில அவன் வெட்டுப்பட்டு விழுந்ததும் அத்தனை துறவும் ஒருகணம் விலகி அவன் பக்கத்துல ஓடப் பாக்குறா, தூண்ல இருக்கிற தெய்வப் பாவை, கந்திற்பாவை, தடுக்குது. அந்த இடத்துல அவ அழறது உதயகுமரனுக்கா இராகுலனுக்கா? எனக்கு வயசாக ஆக பதில் மாறிக்கிட்டே இருக்கு.

#7 மணிக்கூண்டு

இந்தப் பேச்சு ரொம்ப நல்லா போகுது, அதனால நானும் எழுத வந்தேன், வழக்கமா படிச்சிட்டுப் போயிடுற ஆளு.

ஐயா சொன்னதை வெச்சு யோசிச்சா ஒண்ணு தோணுது. கண்ணகிக்குத் தெரிய வந்தது லேட்டா. மணிமேகலைக்குத் தெரிய வந்தது முன்னாடியே. மூணாவது ஒண்ணு இருக்கு, கடைசி வரைக்கும் தெரியவே தெரியாம போறது, வாசகருக்கு மட்டும் தெரியறது.

ஏ.எஸ். பையட் எழுதி 1990-ல புக்கர் பரிசு வாங்கின ‘பொசெஷன்’ அப்படித்தான். மேலோட்டமா பாத்தா நடுநிசிவாசகி அலுத்துக்கிட்ட அதே அமைப்புதான், இன்னைக்கு ரெண்டு ஆராய்ச்சியாளர், பத்தொன்பதாம் நூற்றாண்டுல ரெண்டு கவிஞர், ஒளிஞ்சு கிடந்த கடிதங்கள். (இதுவும் ஸ்பாய்லர்.) எல்லாக் கடிதமும் கிடைச்சு, எல்லாம் சேத்துப் பாத்து, அந்தக் கவிஞருக்குத் தனக்கு ஒரு மகள் இருக்கிறது தெரியாமலே போயிடுச்சுன்னு ஒரு முடிவுக்கு வர்றாங்க. நமக்கும் தொண்டை அடைக்குது. அதுக்கப்புறம் ஒரு சின்ன பின்குறிப்பு வருது. அவர் அந்தக் குழந்தையைப் பாத்திருக்கார். ஒரு புல்வெளியில, ஒரு வெயில் நாள்ல, பேசியிருக்கார், யாருன்னு புரிஞ்சிருக்கு. உன் சித்திகிட்ட சொல்லுன்னு ஒரு சேதியும் சொல்லி அனுப்பியிருக்கார். குழந்தை விளையாட்டுல மறந்துடுச்சு. காகிதத்துல ஏறலை, அதனால எந்த ஆராய்ச்சியாளருக்கும் என்னைக்கும் தெரியாது.

அந்த ரெண்டு பக்கத்துக்காகத்தான் முந்தின ஐந்நூறு பக்கமும்னு எனக்குப் பட்டுச்சு. நிகழ்கால ஆளுங்க இவ்வளவு உழைச்சும், இவ்வளவு நேர்மையா தேடியும், தப்பான முடிவோட நிக்கறாங்க. நாவல் முழுக்க அவங்க கூட நடந்ததாலதான் அந்த வலி நமக்குத் தெரியுது. அவங்க அத்தியாயத்தைத் தாண்டியிருந்தா அந்தப் பின்குறிப்பு ஒரு அழகான காட்சி, அவ்வளவுதான்.

#8 பக்கம்மடிப்பவன்

மணிக்கூண்டு, நான் அந்தப் பின்குறிப்பைப் படிக்காமலே புத்தகத்தைத் திருப்பிக் குடுத்துட்டேன்னு இப்பதான் புரியுது. கதை முடிஞ்சிடுச்சு, பின்னாடி ஏதோ குறிப்புன்னு நினைச்சுட்டேன். இன்னைக்கே தேடி எடுக்கறேன்.

#9 தூரக்குருவி

நான் நாவல் அதிகம் படிச்சவ இல்லை, ஆனா இந்தத் தலைப்பு என் வீட்டு விஷயம். எங்க கொள்ளுத்தாத்தாவோட அப்பா தென்னாப்பிரிக்காவுல நேட்டால் கரும்புத் தோட்டத்துக்கு ஒப்பந்தக் கூலியா போனவர். 1860 நவம்பர் 16 ட்ரூரோங்கிற கப்பல் சென்னையிலேர்ந்து டர்பன் போய்ச் சேந்துச்சு, அதுதான் முதல் கப்பல், அதிலேர்ந்து 1911 வரைக்கும் போனவங்க 1,52,184 பேர். ஒவ்வொருத்தருக்கும் ஒரு எண் குடுத்து பதிவேட்டுல எழுதியிருக்காங்க. பேரு, அப்பா பேரு, வயசு, ஜாதி, மாவட்டம், ஊரு. கடைசிப் பக்கமா ஒரு கட்டம் இருக்கும், உடம்பு அடையாளம்னு. தழும்பு, மச்சம் எந்த இடத்துலன்னு.

எங்க ஆளோட வரியை நான் பாத்தேன். அவரைப் பத்தி எங்களுக்குக் கிடைச்ச ஒரே தனிப்பட்ட விஷயம் அந்தக் கட்டம்தான். இடது முழங்கால்ல தழும்பு. எப்படி விழுந்தாரு, எந்த வயசுல, யாரு மருந்து போட்டாங்க, ஒண்ணும் தெரியாது. ஓடிப்போனா பிடிக்கிறதுக்கு வசதியா எழுதி வெச்சது அது. நான் ராத்திரி முழுக்க அந்தத் தழும்பையே நினைச்சுக்கிட்டு இருந்தேன்.

அப்புறம் ஒரு தோழி சொல்லி ‘க்ளவுட் அட்லஸ்’ படிச்சேன். டேவிட் மிட்செல், 2004. ஆறு கதை, ஆறு காலம், முதல் அஞ்சும் பாதியில நின்னுடும், ஆறாவது மட்டும் நடுவுல முழுசா வரும், அப்புறம் அஞ்சும் தலைகீழ் வரிசையில முடியும். வேற வேற காலத்து ஆளுங்க உடம்புல வால்நட்சத்திரம் மாதிரி ஒரே மச்சம். படிச்ச பல பேர் அது கொஞ்சம் மலிவான உத்தின்னு சொல்றாங்க, இருக்கலாம். ஆனா எனக்கு அந்த மச்சம் வர்ற இடம் ஒவ்வொண்ணுலயும் கண்ணு நிறைஞ்சிடுச்சு. ஒரு மனுஷனைப் பிடிச்சு வெக்கறதுக்காக எழுதின அதே கட்டத்தை, ஒரு எழுத்தாளர் இவரும் அவரும் ஒண்ணுன்னு சொல்றதுக்கு எடுத்துக்கிட்ட மாதிரி இருந்துச்சு எனக்கு.

நடுநிசிவாசகி, உங்களுக்கு நிகழ்காலம் ஏன் சலிக்குதுன்னு எனக்குச் சொல்லத் தெரியலை. ஆனா நான் அந்த நிகழ்கால ஆளு. பரண்ல பெட்டி கிடைக்காத ஆளு. அப்படி ஒருத்தியை எந்த நாவல்லயாவது பாக்கணும்னு ஆசை, ஒரே ஒரு வரி மட்டும் கிடைச்சு, அதுக்கு மேல ஒண்ணுமே கிடைக்காம, அதோடயே வாழுறவ.

#10 நடுநிசிவாசகி

தூரக்குருவி, உங்க பதிவைப் படிச்சிட்டு கொஞ்ச நேரம் எதுவும் எழுதத் தோணலை. பெட்டி கிடைக்காத ஆளுங்கிற வார்த்தை. நான் படிச்ச அத்தனையிலயும் பெட்டி கிடைச்சுடுது, கிடைச்சதும் எல்லாக் கடுதாசியும் வரிசையா, கிழியாம, தேதியோட இருக்கு. எனக்குச் சலிப்பு வந்தது அதனாலயோ என்னவோ. தேடுறவளுக்கு எதுவுமே கஷ்டமா இல்லை.

#11 சொற்பிரிப்பான்

இப்ப நடுநிசிவாசகி சொன்னதுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். பழைய எழுத்தைப் படிக்கிறது எவ்வளவு கஷ்டம்னு நாவல் எழுதறவங்க பெரும்பாலும் காட்டறதே இல்லை. கதாநாயகி ஓலையை எடுக்கறா, நாம பேப்பர் படிக்கிற மாதிரி கடகடன்னு படிச்சுடறா. நான் கொஞ்சநாள் சுவடி படிக்கக் கத்துக்கிட்டேன், முதல் மாசம் முழுக்க அழுகைதான். மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எ ஏ ரெண்டும் ஒண்ணு, ஒ ஓ ரெண்டும் ஒண்ணு. துணைக்காலும் ர-வும் ஒரே மாதிரி இருக்கும். வார்த்தைக்கு நடுவுல இடைவெளி கிடையாது. ஒரு வரியை மூணு விதமா பிரிக்கலாம், மூணுக்கும் மூணு அர்த்தம் வரும், எது சரின்னு முடிவு பண்றது நீங்கதான். அந்த முடிவுலயே எவ்வளவு பெரிய நாவல் இருக்கு!

இதை நிஜமாவே வாழ்ந்தவர் உ.வே. சாமிநாதையர். 1887-ல சீவக சிந்தாமணி, 1892-ல சிலப்பதிகாரம், 1898-ல மணிமேகலைன்னு சுவடியிலேர்ந்து பதிப்பிச்சார். மேல ஐயா அவ்வளவு அழகா சொன்ன நீலியும் இராகுலனும் நம்ம கைக்கு வந்தது பெரும்பாலும் அவர் வழியாத்தான். சைவக் கல்வியில ஊறினவர் சமணக் காவியத்தைப் பதிப்பிக்க சமணர் வீட்டுக்குப் போய் உக்காந்து கத்துக்கிட்டார். மணிமேகலையில பௌத்தச் சொற்கள் வரும்போது விளக்கம் சொல்ல அக்கம்பக்கத்துல பௌத்தர்களே இல்லாத நிலை, அதுக்காக அலைஞ்சு தேடிப் படிச்சார். ஊர் ஊரா சுவடி தேடிப் போய், சில இடத்துல ஆத்துல விட்டுட்டோம், நெருப்புல போட்டுட்டோம்னு சொன்னதைக் கேட்டுட்டுத் திரும்பி வந்தவர். நிகழ்கால அத்தியாயத்துக்கு ஆள் வேணும்னா இப்படி ஒருத்தர் வேணும், பழசு கிடைக்குமா கிடைக்காதான்னு உடம்பு பதறுற ஒருத்தர்.

இன்னொண்ணும் சொல்லிடறேன், இது தமிழ்ல மட்டும் இருக்குற ஒரு சங்கடம். ரெண்டு காலம் வர்ற தமிழ் நாவல்ல பழைய காலத்து ஆளு எல்லாரும் செந்தமிழ்ல பேசுவாங்க, இன்னைக்கு ஆளு பேச்சுத்தமிழ்ல பேசுவாங்க. காலம் மாறினது வாசகருக்கு உடனே தெரியும், அது வசதி. ஆனா அதனாலயே பழைய ஆளுங்க சிலை மாதிரி ஆகிடறாங்க. ஆயிரம் வருஷம் முன்னாடியும் அம்மா பிள்ளையைத் திட்டும்போது இலக்கணம் பாத்தா திட்டியிருப்பா? பழைய பகுதி நமக்கு இனிக்கிறதுக்கு அந்த மொழி ஒரு காரணம், நிகழ்காலம் சப்புன்னு தெரியறதுக்கும் அதே காரணம். பழையதுக்குப் பட்டுச்சேலை கட்டிவிட்டுட்டோம்.

#12 பக்கம்மடிப்பவன்

சொற்பிரிப்பான் சொன்ன மொழி விஷயம் நூத்துக்கு நூறு. கல்கியோட ‘சோலைமலை இளவரசி’யில 1942 போராட்டத்துல தலைமறைவான ஒருத்தன் இடிஞ்ச கோட்டையில ஒளிஞ்சிருப்பான், அங்கயே அந்தக் கோட்டை இடியாம இருந்த காலத்துல தான் யாரா இருந்தோம்னு அவனுக்குத் தெரிய ஆரம்பிக்கும். அதுல நிகழ்காலத்தை நான் தாண்டவே இல்லை. போலீஸ் தேடுது, பசி, எந்த நேரமும் மாட்டிக்கலாம். அங்கயும் வெள்ளைக்காரன் துரத்துறான், இங்கயும் வெள்ளைக்காரன் துரத்துறான். இப்பதான் தோணுது, அங்க ரெண்டு காலத்துலயும் உயிருக்கு ஒரே அளவு ஆபத்து, அதனால தராசு சாயலை.

#13 கூழாங்கல்

என் தயக்கத்தை ஐயா பாதி தீத்து வெச்சுட்டார், மீதியைத் தீத்தது ஒரு உருது நாவல். குர்அதுல்ஐன் ஹைதர், 1959, தமிழ்ல ‘அக்னி நதி’ன்னு சௌரி மொழிபெயர்ப்புல வந்திருக்கு. மௌரியர் காலத்துல ஆரம்பிச்சு நாட்டுப் பிரிவினை வரைக்கும் வருது, கௌதமன், சம்பகா, கமால்னு அதே பேருங்க வேற வேற காலத்துல திரும்பத் திரும்ப வர்றாங்க.

ஆனா யாருக்கும் ஒண்ணும் நினைவு வராது. மச்சம் இல்லை, கனவு இல்லை, உன்னை எங்கயோ பாத்த மாதிரி இருக்கேன்னு ஒரு வசனம் இல்லை. பேர் மட்டும். போன பிறவியோட பலன்னு யாரும் யாரையும் சொல்ல முடியாது, ஏன்னா இது மறுபிறவிதானான்னே நாவல் சொல்றதில்லை. ஒரு காலத்துல ஒரு கௌதமன் ஆத்துல இறங்கறான், அடுத்த பக்கம் திருப்பினா நூத்தாண்டுகள் போயிருக்கு, வேற ஒருத்தன் கரையில நிக்கறான். அந்தப் பேரைப் படிக்கும்போது அவனுக்குத் தெரியாததெல்லாம் நமக்குத் தெரியும். பிரிவினை வர்ற பகுதியில இந்த நிலம் உன்னுது இல்லை, கிளம்புன்னு ஒருத்தனுக்கு நிலைமை வரும்போது, அவன் பேர்ல இதுக்கு முன்னாடி இங்க வாழ்ந்தவங்களை எல்லாம் நாம ஏற்கெனவே பாத்தாச்சு. நான் படிச்சதுலயே நிகழ்காலம் பழசைவிட கனமா இருந்தது அதுலதான். எழுதினவரே பிரிவினையில பாகிஸ்தான் போய் அப்புறம் இந்தியாவுக்கே திரும்பி வந்தவர்.

தூரக்குருவி, நீங்க கேட்ட ஆளு அச்சா அப்படியே இதுல இல்லை. ஆனா பேரைத் தவிர வேற எதுவும் மிஞ்சாதது எப்படி இருக்கும்னு இதுல இருக்கு.

#14 தூரக்குருவி

நன்றி கூழாங்கல். எங்க வீட்டுலயும் அவர் பேரை அப்புறம் ரெண்டு பேருக்கு வெச்சிருக்காங்க. ரெண்டாவது ஆளு என் தம்பி.

#15 நடுநிசிவாசகி

ரெண்டு வாரம் கழிச்சு வர்றேன், மன்னிச்சுக்குங்க.

நான் தாண்டிப் போன அந்த நாவலை மறுபடி எடுத்து நிகழ்கால அத்தியாயங்களை மட்டும் படிச்சேன். பாதிக்கு மேல நான் முதல்ல சொன்னதேதான், அதுல என் கருத்து மாறலை, அந்த ஆவணக் காப்பகக் காதல் இல்லாமலே நாவல் நல்லா இருந்திருக்கும். ஆனா நடுவுல ஒரு இடம் இருக்கு. கடுதாசியைக் கண்டுபிடிச்சவ தன் அம்மாவுக்குப் படிச்சுக் காட்டறா. அம்மாவுக்கு மறதி நோய். ஒரே கடுதாசியைத் தினமும் படிக்கறா, அம்மா தினமும் முதல் தடவையா கேக்கறா, தினமும் அதே இடத்துல அழறா. ஒருநாள் மக அந்த வரியை மட்டும் விட்டுட்டுப் படிக்கறா. அம்மா நிமிந்து பாத்து, நடுவுல ஏதோ விட்டுட்டியேங்கறா.

ஒரு பக்கம்கூட இல்லை அது. இதைத்தான் நான் தாண்டியிருக்கேன். எல்லாம் மறந்துபோன ஒருத்திக்கு, நூறு வருஷம் முன்னாடி யாரோ எழுதின ஒரு வரி இல்லாதது தெரியுது. அந்த அத்தியாயத்தை மூணு தடவை படிச்சேன்.

கட்டுரை காதையும் படிச்சாச்சு ஐயா. நீலி மலை ஏறுற இடத்துல நிறுத்திட்டு, திரும்ப வழக்குரை காதையிலேர்ந்து ஆரம்பிச்சு வந்தேன். நீங்க சொன்னது சரி, வரிசைதான் எல்லாம். ஒரு சந்தேகம், நீலியோட கதையை நீலி பக்கத்துலேர்ந்து யாராவது நாவலா எழுதியிருக்காங்களா?

அடுத்து ‘அக்னி நதி’ எடுத்து வெச்சிருக்கேன். நாளைக்கு ராத்திரி ஆரம்பிக்கிறேன், தூரக்குருவியும் கூட படிக்கிறேன்னு சொல்லியிருக்காங்க. கூழாங்கல், முதல் கௌதமன் ஆத்துல இறங்குற வரைக்கும் நீங்க சொல்லிட்டீங்க, அதுக்கு மேல நாங்க வந்து சேர்ற வரைக்கும் ஒண்ணும் சொல்லிடாதீங்க.

#16 ஏட்டுச்சுருள்

எனக்குத் தெரிஞ்சு முழு நாவலா நான் படிச்சதில்லை அம்மா. பதினாலு நாள் இருக்கு, நாளுக்கு ஒரு அத்தியாயம் வெச்சாக்கூட பதினாலு. நீங்க எழுதினா முதல் ஆளா நான் படிக்கிறேன்.